நாக்கில் இல்லாததைச் சொல்லாதவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பிரியமும் மரியாதையும் உண்டு, ஆனால் அவை கொஞ்சம் தாமதமாக வரும். ஒன்பது வருடம் என் பிரிவில் வேலை பார்த்த மனிதர், ஒருநாள்கூட எனக்கு வேண்டிய பதிலை எனக்கு வேண்டிய நேரத்தில் சொன்னதில்லை.

திருவனந்தபுரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் ஓர் ஓட்டலில் நான் உணவகப் பிரிவின் மேலாளராக இருந்தேன். அவர் அங்கே ஒயின் பொறுப்பாளர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு. ஓட்டல் கொடுத்த கறுப்புக் கோட்டு அவர் தோளில் கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கும். மலையாளிகள் உட்பட எல்லாரும் அவரை ‘அண்ணன்’ என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், என்னைவிட அவர் எட்டு வயது மூத்தவர் என்பதால். அவருக்கு நான் எப்போதும் ‘மேடம்’.

“இது எப்படிண்ணே இருக்கு?” என்று ஒரு கோப்பையை நீட்டினால் பதில் வராது.

“பக்கத்துல இன்னொண்ணு வேணும் மேடம்” என்பார். “ஒத்தையா குடிச்சா எல்லாம் நல்லதுன்னுதான் தோணும். ரெண்டா வச்சாத்தான் இது எதுன்னு தெரியும்.”

இரண்டாவது கோப்பை வரும். முதலில் முகர்வார். பிறகு ஒரு வாய் எடுத்து, காற்றோடு சேர்த்துப் பெருஞ்சத்தத்துடன் உறிஞ்சுவார். நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் விருந்தினர்கூடத் திரும்பிப் பார்ப்பார். வாய்க்குள் சுற்றிவிட்டு எவர்சில்வர் ஜாடியில் துப்புவார். மறுபடி முதல் கோப்பை. மறுபடி சத்தம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

“கொஞ்சம் மெதுவா உறிஞ்சக் கூடாதா?”

“மெதுவா உறிஞ்சினா காத்து உள்ள போகாது மேடம். காத்து போகல்லன்னா பாதி மணம் வராது.”

அந்த உறிஞ்சல் தேயிலையிலிருந்து வந்தது. பொன்முடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். பள்ளிக்கூடம் பத்தாவதோடு நின்றது. அதன்பின் தேயிலை ஃபேக்டரியில் சுவை பார்க்கும் அறையில் கோப்பை கழுவும் வேலை. தினமும் முப்பது நாற்பது கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பும் அதிகாரிக்குப் பின்னால் நின்று, அவர் நகர்ந்ததும் மிச்சத்தை இவர் உறிஞ்சித் துப்பிப் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஃபேக்டரி மூடியபோது விதுரா வழியாக நகரத்துக்கு இறங்கி வந்து, எங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார்.

அங்கேதான் நான் அவரை முதலில் கவனித்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண்மணி சிவப்பு ஒயினைத் திருப்பி அனுப்பிவிட்டார். சமையலறைக்குள் வந்து, “காசு நெறைய இருந்தா நாக்கு இப்படித்தான் ஆயிடும்போல” என்று செஃபிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். கழுவும் தொட்டியிலிருந்து ஒரு குரல்.

“அவங்க சொன்னது சரிதான் மேடம். கேடாயிப் போச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மணம் வருது, கேட்டோ.”

கோப்பையை வாங்கி முகர்ந்தேன். ஆமாம், நனைந்த அட்டைப்பெட்டி. தக்கையிலிருந்து சில பாட்டில்களுக்கு வரும் கோளாறு அது. ஓட்டல் படிப்பில் புத்தகத்தில் படித்திருந்தேன். மூக்கால் படித்தது அன்றுதான்.

எங்கள் முதலாளிக்கு அப்போது ஒரு ஆசை பிறந்திருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அபூர்வமான சிவப்பு ஒயின்களை வரவழைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுவைக்கிற இடமாக உணவகத்தை மாற்றவேண்டும் என்று. முதலில் பன்னிரண்டு நாடுகள். நான் அவரைத் தொட்டியிலிருந்து இழுத்துக் கோட்டு மாட்டிவிட்டேன். அவருடைய குறிப்புகளை நான் ஆங்கிலத்தில் மாற்றி அட்டையில் அச்சிடுவதாக ஏற்பாடு.

அந்த அட்டை என் ஆயுளில் இரண்டு வருடத்தைக் குறைத்திருக்கும்.

புத்தகங்களில் எழுதியிருக்கும் பழங்கள் எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன் என்றார். ஜார்ஜியாவிலிருந்து, மண்ணில் புதைத்த பெரிய ஜாடிகளில் புளிக்கவைத்த ஒயின் வந்தது. “ஞாவப்பழம் தின்னு முடிச்சப்புறம் நாக்குல ஒரு பிடி பிடிக்குமே, அது. கூடவே புதுப்பானைத் தண்ணி” என்றார். போர்ச்சுகலுக்கு, “கருப்பட்டி காய்ச்சின சட்டியோட அடி. கொஞ்சம் குறுமிளகு.” உருகுவேக்கு, “மாதுளந்தோடு. வாயெல்லாம் இழுக்கும். எறச்சி இல்லாமக் குடிக்கவேண்டாம்.” பிரான்சிலிருந்து வந்த வெளிறிய சிவப்புக்கு இரண்டு நாள் யோசித்தார். “மழை விட்டப்புறம் காட்டுல இலையைப் புரட்டினா வருமே மேடம். அட்டை கடிக்கும்னு தெரிஞ்சாலும் புரட்டத் தோணும்.”

எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் வந்து நின்றார்.

“லெபனான் செரியாகல்ல மேடம். நேத்து ரெண்டாவது பாட்டில் திறந்தேன். முத பாட்டில் மாதிரி இல்ல. எது லெபனான்னு எனக்குத் தெரியல்ல.”

“அண்ணே, ரெண்டுல ஒண்ணை எழுதுங்க. யாரு கேக்கப்போறா?”

“யாரும் கேக்கமாட்டாங்க. பின்னே, எழுதினா அது நான் சொன்னதுதானே?”

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். மூன்றாவது பாட்டில் வேறு மாதிரி இருந்தது. கடைசியில் கோபத்தில், லெபனானுக்கு எதிரே ‘இன்னும் தெரியவில்லை’ என்றே அச்சடித்தேன். அவரைக் குத்திக்காட்டத்தான். அவர் அட்டையைப் பார்த்து, “இது கறெக்டு மேடம்” என்று மனசார மகிழ்ந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “எந்தா இது?” என்று கத்தினார். வந்தவர்களோ, தெரியாதது என்ன என்று தெரிந்துகொள்ள லெபனானையே அதிகம் கேட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் எப்போதும் சரியாகச் சொன்னார் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருமுறை பம்பாயிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், தானும் பார்க்காமல் பாட்டிலைத் துணியால் சுற்றி ஊற்றச்சொல்லி, இது எந்த நாடு என்று கேட்டார். இவர் இரண்டு கோப்பைகளோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டி, இத்தாலி என்றார். விருந்தினர் கைதட்டினார். துணியை அவிழ்த்துக் காட்ட மறந்து பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. மேசையைத் துடைக்கும்போது இவர் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். உருகுவே.

மறுநாள் காலை அந்த மனிதர் விமான நிலையத்துக்குக் கிளம்பி, காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் வாசலுக்கு ஓடி, கண்ணாடியைத் தட்டி இறக்கச்சொல்லி, “சார், நேத்து நான் சொன்னது தப்பு” என்றார். அந்த மனிதருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. தானும் தவறாகக் கைதட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“யாராவது உங்களக் கேட்டாங்களா?” என்று நான் சீறினேன்.

“கேக்கல்ல. ஆனா தப்பாச் சொல்லியாச்சுல்ல?”

இப்படிப்பட்டவரோடு வேலை செய்வது எனக்கு ஏன் இத்தனை கஷ்டமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. நான் வேண்டியதைச் சொல்லிச் சமாளித்து வளர்ந்தவள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு நான் ஓட்டலில் வேலை பார்ப்பதே தெரியாது. “ஏண்டி, கம்பெனில என்ன வேலைன்னு மாமி கேக்கறா, என்ன சொல்லட்டும்?” என்று அம்மா கேட்டால், “அட்மினிஸ்ட்ரேஷன்னு சொல்லும்மா” என்பேன். ஒன்றாம் தேதி கேரளத்தில் மது விற்கக்கூடாது, உணவகம் பாதி காலியாக இருக்கும். அன்று அம்மாவைக் கூட்டிவந்து சாப்பாடு வாங்கிக்கொடுத்தேன், எல்லா நாளும் இப்படித்தான் என்று. அண்ணன் அன்று மூலையில் கோப்பைகளைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தார். அம்மா போனபின், “அம்மா எதாவது கேட்டிருந்தா நான் உள்ளதச் சொல்லியிருப்பேன் மேடம். அதான் பக்கத்துல வரல்ல” என்றார். உதவி செய்ததாக அவருக்கு நினைப்பு.

கோவிட் வந்து ஓட்டல் மூடியது. திறந்தபோது பாதி ஆட்கள் இல்லை. அவருக்கும் காய்ச்சல் வந்துபோயிருந்தது. இன்னும் இளைத்துத் திரும்பி வந்தார். முதலாளிக்கு ஓட்டலைத் தூக்கி நிறுத்தவேண்டும். அவருடைய நண்பர், வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்து திரும்பிய ஒரு டாக்டர், தான் சேர்த்துவைத்த பழைய சிவப்பு ஒயின்களில் எட்டைத் தருவதாகச் சொன்னார். பன்னிரண்டு முக்கியமான விருந்தினர்கள். எட்டு நாட்டு ஒயின்களை இவர் அருகருகே வைத்து, வித்தியாசம் சொல்லி நடத்தவேண்டும். டாக்டர் அந்த எட்டில் ஓர் இத்தாலிய பாட்டிலைப் பற்றி ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பிறந்த வருடத்து அறுவடை.

விருந்து நாளன்று காலை பதினொரு மணிக்கு உணவகத்துக்குள் போனேன். அண்ணன் இரண்டு கோப்பைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒன்றை முகர்ந்தார், மற்றதை முகர்ந்தார். உறிஞ்சவில்லை. கோட்டின் கைப்பகுதியால் நெற்றியைத் துடைத்தார்.

“என்னண்ணே?”

“ரெண்டும் ஒண்ணா இருக்கு மேடம். ஒண்ணு ஜார்ஜியா, ஒண்ணு போர்ச்சுகல். புளிப்பு தெரியுது, கசப்பு தெரியுது. மணம் இல்ல.”

“எப்பலேந்து?”

“காய்ச்சலுக்கு அப்புறம். திரும்ப வந்துரும்னு பாத்தேன். வரல்ல.”

அவரிடம் நான்கு நோட்டுப்புத்தகங்கள் இருந்தன, ஒன்பது வருடத்துக் குறிப்புகள். எட்டில் ஆறு ஒயின்கள் அவர் ஏற்கெனவே சுவைத்தவை. மற்ற இரண்டுக்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

“நோட்டைப் பார்த்துச் சொல்லுங்க, போதும். உங்க வார்த்தைதானே? பொய்யா?”

“அது அன்னைக்குத் தெறந்த பாட்டில் மேடம். இது இன்னைக்குத் தெறக்கப்போற பாட்டில்.”

“ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“எனக்கும்தான் தெரியாது. அதான் சொல்லுறேன்.”

கெஞ்சினேன். இந்த ராத்திரி கெட்டுப்போனால் யார் யாருக்கு வேலை போகும் என்று பெயர் சொன்னேன். பாட்டில்களை நானே திறந்து முகர்ந்து தருகிறேன், கெட்டது இருந்தால் நான் ஒதுக்கிவிடுகிறேன், நீங்கள் பேசினால் மட்டும் போதும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் பழகியபின்னும் எனக்குப் புத்தி வரவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் முதல் இரண்டு ஒயின்களை ஊற்றினார். கைகட்டி நின்றார்.

“எனக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் மணம் தெரியல்ல” என்று மலையாளத்தில் சொன்னார். “அதுகொண்டு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.”

நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

விருந்தினர்கள் பாவம், முயன்றார்கள். ‘நைஸ்’ என்றார் ஒருவர். இன்னொருவர் ‘ஸ்மூத்’ என்றார். அவர் ‘ஸ்மூத்’ என்று சிரத்தையாக எழுதினார். “எதப் போல சார்?” என்று கேட்டார். அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார்.

நான் பின்னறைக்குப் போய் மூன்றாவது பாட்டிலைத் திறந்தேன். டாக்டரின் இத்தாலி. தக்கை வந்ததும் முகர்ந்தேன்.

லேசாகத்தான். ஆனால் இருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி.

இதைப் போன வருடம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சந்தேகமாக இருந்தது, உறுதியாகத் தெரியவில்லை என்றெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உறுதியாகத் தெரியும். பின்னறைக் கதவு திறந்திருந்தது, விருந்து ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது, டாக்டர் அந்த பாட்டிலுக்காகவே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாரும் குடித்தார்கள். டாக்டருக்காக எல்லாரும் பாராட்டினார்கள். டாக்டரே கண்ணை மூடித் தலையாட்டினார். மேசைக் கோடியில் அதுவரை பேசாமலிருந்த ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை, கோப்பையைக் கீழே வைத்தார்.

“மழைக்காலத்துல பூட்டிவச்ச அலமாரி மணம் வருது. எனக்கு மட்டும்தானா?”

டாக்டர் மறுபடி முகர்ந்தார். அவர் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். “பாட்டில் போயிடுச்சு” என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, “திறக்கும்போது யார் பாத்தது?”

முதலாளியின் கண் நேராக அவர்மேல் போனது. ஒயின் பொறுப்பாளர் அவர்தானே. நான் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

“எனக்கு மணம் தெரியாதுன்னு முதல்லயே சொன்னேனே சார்” என்றார் அவர்.

உண்மையான பதில். ஆனால் அந்த இடத்தில் அது திமிராகக் கேட்டது. முதலாளி எழுந்து வெளியே போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் அவரைத் துணி அறைக்கு மாற்றினார்கள். படுக்கை விரிப்புகளையும் துவாலைகளையும் மடித்து அடுக்கும் வேலை. அவர் முகம் சுளிக்கவில்லை. காது மூக்கு மருத்துவர் யாரோ சொன்னார் என்று தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள் மூன்றையும் முகர்ந்து பழகினார். பழகிவிட்டு நேராக என் அறைக்கு வந்து அறிக்கை சொல்வார். “இன்னைக்கும் இல்ல மேடம்.” நான் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. கணினியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன். நான்கு மாதம் கழித்து ஒருநாள், “காப்பி வந்துச்சு. ஆனா காப்பியா இல்ல” என்றார்.

“பின்ன?”

“டயர் தீப்பிடிச்சுக் கத்தின மணம். இல்ல, டயர் கத்தி முடிஞ்சு தண்ணி ஊத்தினா வருமே, அது.”

மூக்கு போன நிலையிலும் அந்த மனிதர் திருத்திச் சொன்னார். எனக்கு மேசையில் முட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அந்த வருடம் முடியுமுன் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். புதிதாகப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு எல்லா ஒயினும் அருமையாக இருந்தது. விருந்தினர்களுக்கும் அவரைப் பிடித்தது. எனக்கும் வேலை சுலபமானது.

போன வருடம் நானும் அந்த ஓட்டலை விட்டேன். விட்ட மறுவாரம் விதுராவுக்குப் பேருந்து ஏறினேன். சந்தைக்குப் பக்கத்தில் மருமகனின் உரக்கடையில் அவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் பூச்சிமருந்து நெடி மூக்கைத் தாக்கி எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சாக்குகளுக்கு நடுவே சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

“மணம் தெரியாதது இங்க உபகாரம்தான் மேடம்” என்று சிரித்தார்.

“கொஞ்சமும் வரலையா?”

“எலுமிச்சை வரும். காப்பி செரியாச்சு. மத்தது இல்ல.”

சொல்ல வந்ததைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அதற்குள் நாலு பேர் வந்து யூரியா வாங்கிப் போனார்கள். கடைசியில் சொன்னேன். “அந்த மூணாவது பாட்டில்... திறக்கும்போதே எனக்குத் தெரியும் அண்ணே. தெரிஞ்சுதான் ஊத்தினேன். உங்க மேல பழி விழுந்தப்பவும் நான் பேசல்ல.”

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேன் மேடம். கதவு தெறந்துல்லா இருந்துச்சு. தக்கைய எடுத்து மூக்குல வச்சிட்டு, நீங்க ஒருதரம் கண்ண மூடித் தெறந்தீங்க.”

“அப்ப ஏன் சொல்லல்ல? முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காதே.”

“உங்க மூக்குல என்ன வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடினதத்தான் பாத்தேன். அத வச்சு இன்னொருத்தரப் பத்திச் சொல்ல முடியுமா?”

“இப்ப நானே சொல்லிட்டேன்.”

“ஆமா. இப்பத் தெரியும்.”

அவ்வளவுதான். சாப்பிட்டேனா என்று கேட்டார். மகள் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீனும் இருக்கிறது, நான் மீன் சாப்பிடமாட்டேன் என்பதால் மோர் வாங்கிவரச் சொல்லட்டுமா என்றார். மூன்றேகால் வண்டி எனக்குச் சரிப்படும் என்று சொல்லி நிலையம் வரை கூடவே நடந்து வந்தார். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் கீழே நின்றார். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சூட்சிச்சுப் போங்க மேடம், கம்பியப் பிடிச்சுக்கோங்க, வளைவு ஜாஸ்தி” என்றார். பேருந்து நகர்ந்தது. கையசைத்தார்.

‘போகுது விடுங்க மேடம்’ என்று ஒப்புக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வண்டி நெடுமங்காட்டைத் தாண்டும்வரை அவர்மேல் எனக்கு ஆத்திரமாகவே இருந்தது.